என் தம்பி மனைவியின் தாலியில் மூன்றாவது முடிச்சு

இன்று காலை என் தம்பிக்கு எண்பதாம் கல்யாணம்.

மண்டப வாசலில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ். அதில் நான், தேவி வேடத்தில், கையில் சூலத்தோடு. தம்பியும் அவன் மனைவி கோமதியும் அடியில் ஒரு மூலையில். (எனக்குத்தான் விசேஷம் என்று நினைத்து இரண்டு பேர் என்னிடம் வாழ்த்துச் சொன்னார்கள்.)

தம்பி மகன் சங்கரன் செய்த வேலை. பழைய சினிமாவுக்கு இப்போது மவுசு வந்திருக்கிறதாம்.

"அத்தை, மூணாவது முடிச்சு நீங்கதான் போடணும், கேட்டீங்களா. ஃபுல்லா வீடியோ எடுக்குறோம்," என்றான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுதந்திரம் கிடைத்த கொஞ்ச நாளில் இதே திருவனந்தபுரத்தில் நடிக்கப் போனேன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. வசனத் தாளை எழுத்துக்கூட்டித்தான் படிக்கவே கற்றேன்.

முதலில் பக்திப் படங்கள். பார்வதி, லட்சுமி, அவர்கள் இருவரும் கிடைக்காதபோது ஏதாவது ஒரு அம்மன்.

பிறகு குடும்பப் படங்கள். அதில் எப்போதும் கதாநாயகனின் அக்காள்.

அக்காளுக்கு ஒரு வேலை நிச்சயம். தம்பி தாலியில் இரண்டு முடிச்சுப் போட்டதும், மூன்றாவதை நான் கண்ணீரோடு போட வேண்டும்.

ஆனால் எங்கள் செட்டில் அந்த முடிச்சு விழக்கூடாது. விழுந்தால் நடிகனுக்கும் நடிகைக்கும் நிஜமாகவே கல்யாணம் ஆனதாகிவிடும் என்று பயம். அதனால் நூலைப் பிடித்துக்கொண்டு விரலை மட்டும் அசைப்பேன். கேமராவுக்கு முடிச்சுப் போலவே தெரியும்.

"உங்க விரல் நல்லா பொய் சொல்லுதும்மா," என்று டைரக்டர் ஒருவர் பாராட்டினார்.

சொந்தத் தம்பியின் கல்யாணம் வந்தது. இனி பொய் சொல்ல வேண்டாம், ஒரு முடிச்சாவது நிஜமாகப் போடலாம் என்று ஆசையோடு இருந்தேன்.

பெண் வீட்டார் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். பழவங்காடியில் பாத்திரக் கடை. கோமதியின் அம்மாவை எனக்கு முன்பே தெரியும். என் படம் ஓடிய தியேட்டருக்கு நான் போனபோது, கற்பூரம் ஏற்றி என் காலில் விழுந்தவர் அவர்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் அதே அம்மாள் பந்தலில் என்னை மறித்தார்.

"தேவியக் கும்பிட்டது வாஸ்தவம்தான். அதுக்காக வேசம் கெட்டுனவ கை எம் மக தாலியில படாண்டாம்."

என் அம்மா அழுதாள். மணவறையில் இருந்த தம்பிக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவன் தலை நிமிரவில்லை.

சித்தப்பா மகளைக் கூப்பிட்டார்கள்.

நான் வெளியே போய்க் காரில் உட்கார்ந்தேன். காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெண் காய்ச்சல் கண்ட குழந்தையை ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள்.

"அம்மே, ஒண்ணு தொட்டுத் தரணே."

தொட்டேன். அப்போது உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

ஒரே கைதான். காருக்குள் காய்ச்சலைத் தீர்க்கும், பந்தலுக்குள் தாலிக்கு ஆகாது.

அந்த வருஷத்தோடு நடிப்பை நிறுத்தினேன். (பிறகு யாரும் கூப்பிடவில்லை என்பதும் உண்மை.)

அதற்குப் பின் எத்தனையோ ஓணம், தீபாவளி. எத்தனையோ முறை ஒரே பந்தியில் சாப்பிட்டோம். அன்றைய காரியத்தைப் பற்றித் தம்பியோ கோமதியோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. நேராக ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள்.

மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கேமராவைக் கண்டால் எனக்கு என் வேலை தெரியும்.

மேளம் கொட்டியது. தம்பி இரண்டு முடிச்சுப் போட்டான். நான் கோமதியின் பின்னால் நின்று நூலைப் பிடித்தேன். கண்ணில் நீர் வந்தது. (அதுவும் வேலைதான்.) விரலை அசைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மாலையைச் சரிசெய்வதுபோல் கோமதி பிடரியில் கை வைத்துத் தடவினாள். திரும்பாமலே மெதுவாகக் கேட்டாள்.

"மயினி, மூணாவது விழல்லியே."

"எனக்கு இவ்வளவுதான் தெரியும் கோமதி. முழுசாப் போட யாரும் விடல்லியே."

தம்பி அன்றுபோலவே தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

பிறகு அதை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சாப்பிடாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சங்கரன் வீடியோவைப் போட்டுவிட்டான். "தேவியின் கையால் மூன்றாம் முடிச்சு" என்று தலைப்பு. லைக் குவிகிறது.

லைக் போட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் முகத்தைப் பார்த்தீர்கள் சரி, கையைப் பார்த்தீர்களா?