ஆன்றோ திடலின் விளம்பரப் பலகை

இசபெல் வாயைத் திறந்தால் மார்த்தாண்டம் மீன்சந்தையில் பக்கத்துக் கடைக்காரிக்கே தன் விலை மறந்துபோகும் என்பார்கள். பொய்யில்லை. மீனைத் தொட்டுப் பார்த்து மூக்கைச் சுளித்தவர் யாரையும் அவள் சும்மா அனுப்பியதாகச் சரித்திரம் கிடையாது. அப்பேர்ப்பட்டவள் ஒரு கூட்டத்தில் வாயடைத்து உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஊரில் அன்றைக்கு இருந்தவர்களுக்கு இன்னும் அது ஆறவில்லை.

ஊர் மண்டைக்காட்டுக்கு மேற்கே, கடலோரச் சாலையில் இருக்கிறது. சாலைக்கும் கடலுக்கும் நடுவே கொஞ்சம் புறம்போக்கு நிலம். முள்ளும் குப்பையுமாகக் கிடந்ததைப் பையன்கள் பந்து உதைத்து உதைத்தே திடலாக்கினார்கள். இசபெல்லின் மூத்தவன் ஆன்றோ அங்கேதான் கோல் காத்தான். ஒக்கிப் புயலின்போது கடலில் இருந்தவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயருக்காவது ஒரு கல் வைக்கலாமே என்று ஊரார் சொன்னபோது, "வெறுங்குழிக்கு மேல சிலுவை நடச் சொல்லுதியளா?" என்று சீறிவிட்டாள். பிறகு அவனோடு விளையாடியவர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, திடல் வாசலில் ஒரு சிமெண்டுப் பலகை கட்டி, 'ஆன்றோ நினைவு விளையாட்டுத் திடல்' என்று எழுதிவைத்தார்கள். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். இசபெல் அங்கே புருஷனுக்கு ஒரு திரி கொளுத்திவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு நேரே திடலுக்கு வருவாள். பலகைக்கு அடியில் திரி ஏற்றி, பூ வைத்து, மகனிடம் நாலு வார்த்தை பேசுவாள். பேச்சென்ன பேச்சு, திட்டுதான். "காத்து கூடுதுன்னு தெரிஞ்சப்பமே திரும்பி வந்தா என்னலே?" என்று ஆரம்பித்தால் திரி அணைகிறவரை நிறுத்தமாட்டாள். அவளுக்கு அவனோடு சண்டை போட இந்த உலகத்தில் இருந்த இடம் அது ஒன்றுதான்.

இந்த வருஷம் அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வந்த வழியும் நல்ல வழி, அதுதான் கொடுமை.

ஆன்றோவின் தங்கை ஷெர்லி இப்போது பெண்பிள்ளைகள் அணியில் ஆடுகிறாள். அந்தப் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறை கிடையாது. கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குப் பின்னால் ஒருத்தி துப்பட்டாவை விரித்துப் பிடிக்க மற்றவள் மாற்றுவாள். கழிப்பறையும் கிடையாது. அதற்குப் பயந்து ஷெர்லி ஆட்ட நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாள். போன கோடையில் ஒருநாள் வெயிலில் மயங்கி விழுந்தாள். பெற்றவளுக்கு வயிறு எரியாதா?

பேரூராட்சியில் கேட்டால் நிதி இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாலையோரப் புறம்போக்கில் விளம்பரப் பலகை வைக்க இடம் கொடுப்பது, வருகிற வாடகையில் அறையும் கழிப்பறையும் மின்விளக்கும் கட்டுவது. மார்த்தாண்டத்து நகைக்கடை ஒன்று முன்வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் நேராகப் படுகிற இடம் திடலின் வாசல்தான், அதுதான் வேண்டும், திடலுக்கும் கடையின் பெயரே இருக்கட்டும் என்றார்கள்.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். பேரூராட்சியிலிருந்து வந்தவர் பொறுமையாகத்தான் விளக்கினார். "கவர்மெண்டு இடத்துல தனியார் பேரு இருக்கக் கூடாதும்மா. அந்தப் பலகையே சட்டப்படி தப்பு." கடலில் செத்தவன் தனியாராம், நகைக்கடை பொதுவாம். எந்த ஊர் நியாயமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எல்லாரும் இசபெல்லின் வாயையே பார்த்தார்கள். ஆன்றோவோடு ஆடிய கிளீட்டஸ்தான் இப்போது ஊர் விளையாட்டு மன்றத்துச் செயலாளர். அவன் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான்.

"மாமி, நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா நாங்க விட்டுருவோம்."

அவள் ஷெர்லியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று இசபெல் எப்படிச் சொல்வாள்? செத்தவனுக்காக இருக்கிறவளைத் தாகத்தில் போடவா? அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கிளீட்டஸுக்கு மனசு கேட்கவில்லை. கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஃப்ளெக்ஸின் ஓரத்தில் ஆன்றோவின் படம் போடச் சம்மதம் வாங்கினான். கீழே 'ஆன்றோ நினைவாக' என்று ஒரு வரி. இசபெல் அதைக் கேட்டதும் அவனுக்கு ஒரு பெரிய நெய்மீனைப் பொதிந்து கொடுத்தாள். மகன் போகவில்லை, ஓரமாக நிற்பான், போதும்.

படம் என்று இருந்தது அவன் ஜெர்சி போட்ட படம் ஒன்றுதான். அந்த ஜெர்சியின் நெஞ்சில் வேறொரு நகைக்கடையின் பெயர். அது கூடாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன் என்ன செய்வான்? அவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். ஜெர்சியை அழித்துவிட்டு ஆன்றோவுக்கு ஒரு நீலக் கோட்டு மாட்டிவிட்டான். வாசலில் பலகை ஏறிய அன்று இசபெல் நிமிர்ந்து பார்த்தாள். மேலே கழுத்து நிறைய நகையோடு கல்யாணப் பெண். பக்கத்தில் கீழாக, கோட்டும் சிரிப்புமாக மகன். கோட்டு அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழியவில்லை. சந்தைக்கு ராஜபாய் வந்தாள். பழைய வாடிக்கை. மஸ்கட்டில் புருஷனோடு பல வருஷம் இருந்துவிட்டு அந்த மாதம்தான் திரும்பியிருந்தாள். முன்பெல்லாம் அம்மாவுக்கு மீன்கூடை இறக்கிவைக்க வரும் ஆன்றோவை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இசபெல்லே, ஒனக்க பையனுக்குக் கல்யாணமாமே. எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே நீ."

இசபெல்லின் கத்தி மீன்மேல் நின்றது.

"குளச்சலுக்கு பஸ்ல போவும்போ ஃப்ளெக்ஸப் பாத்தேன். பொண்ணு கொள்ளாம், நல்ல லட்சணம். பய அப்படியே இருக்கான் கேட்டியா, ஒரு மாற்றமும் இல்ல. அன்னைக்குப் பாத்தது போலயே."

உண்மையைச் சொன்னால் ராஜபாய் நடுச்சந்தையில் நெஞ்சிலடித்து அழுவாள், அவளைத் தேற்றவேண்டியதும் இவளாகத்தான் இருக்கும். அதற்கு இசபெல்லுக்குத் தெம்பில்லை.

"ஆமாக்கா," என்றாள். "தல வேணுமா, வெட்டிக் களையட்டா?"

"தலையும் போடு. கல்யாணத்துக்கு மறக்காம விளிக்கணும், என்னா?"

மீதி மீனைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு இசபெல் பஸ் ஏறினாள். திடல் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ராஜபாயைக் குற்றம் சொல்ல முடியாது. சின்ன எழுத்து ஒன்றும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து தெரியவில்லை. இந்தச் சாலையில் வாரத்துக்கு நாலு கல்யாண ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள், அதேபோல் இதிலும் ஒரு பெண்ணும் ஒரு மாப்பிள்ளையும் நின்றார்கள். செத்துப்போன மகனைத் தினமும் ஊர் உலகத்துக்கு மாப்பிள்ளையாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் பஸ்ஸுக்குள்ளேயே அழுதாள்.

கிளீட்டஸின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "அந்தப் படத்த எடுத்துருலே."

"மாமி, கெஞ்சி வாங்குனதுல்லா. பிறகு தரமாட்டாவ."

"எடுத்துருன்னு சொல்லுதேன்."

மறுவாரம் கடையிலிருந்து ஆள் வந்து, ஆன்றோவின் முகத்தின் மேலேயும் பெயரின் மேலேயும் 'சேதாரம் மிகக் குறைவு' என்று ஒட்டிவிட்டுப் போனான். அவள் சொல்லித்தான் செய்தார்கள். யாரைத் திட்டுவது?

கல்லறைத் திருநாளுக்குள் அறை எழும்பிவிட்டது. பழைய சிமெண்டுப் பலகையை உடைத்த கல்லெல்லாம் அதன் தரைக்கு அடியில் போயிருந்தது. ஷெர்லி இப்போது ஆட்டத்துக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கிறாள். அதைப் பார்க்க இசபெல்லுக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லக் கூடாது.

அன்று சாயங்காலம் தாயும் மகளும் கல்லறைத் தோட்டத்தில் திரி ஏற்றிவிட்டு, மீதித் திரியும் பூவுமாகத் திடலுக்கு வந்தார்கள். வாசலில் விளம்பரத்தின் இரும்புக் கால்கள். கொஞ்சம் தள்ளிப் புது அறையின் கதவு, உள்ளே பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டு உடை மாற்றும் சத்தம். இசபெல் கதவுப் பக்கம் இரண்டு எட்டு போனாள், பிறகு இரும்புக் கால்களுக்கே திரும்பி வந்தாள். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி மகனைத் திட்டுவது என்று விளங்கவில்லை.

"எங்கம்மா வைக்க?" என்று ஷெர்லி கேட்டாள்.

"எனக்குத் தெரியல்ல மக்கா," என்றாள் இசபெல்.