மாமரத்தில் உட்கார்ந்திருந்தவள்

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

என் கணவர் சித்தூரில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் நாவல் எழுதுகிறவர். மூன்று வந்திருக்கின்றன, எங்கள் தெருவிலேயே யாருக்கும் தெரியாது. எழுத எழுதப் படிப்பவள் நான் ஒருத்திதான். போன வருடம் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சரிந்தார். திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "திரும்ப வருமான்னு இப்ப சொல்ல முடியாது மேடம்" என்றார் டாக்டர்.

சில நாள் கழித்து, மதியம், பார்வையாளர் நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், தலையில் சருகு. எங்கள் சொந்த ஊரான நகரிப் பக்கத்து உறவு யாரோ என்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, நேரே அவரிடம் போய்க் குனிந்தாள்.

"இன்னாண்ணா, என்னைய மரத்து மேலயே வுட்டுட்டு இங்க வந்து படுத்துக்கினு கீற? காலு மரத்துப் போச்சு. எறங்கட்டுமா, வாணாமா?"

அவர் பாதியில் விட்ட நாவலில், நிலத்துக்காகத் துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி, புத்தலப்பட்டு மாந்தோப்பில் ஒருத்தி மரத்தில் ஏறி ஒளிந்திருக்கிறாள். அதோடு நின்றிருந்தது. எங்கள் இருவரைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

அவர் உதடு அசைந்தது. "எறங்கு."

நான் நர்ஸைக் கத்திக் கூப்பிட்டுத் திரும்புவதற்குள் அவளைக் காணோம். கனவு என்றும் சொல்ல முடியாது, பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள், "மீ சுட்டாலா அக்கா, உங்க சொந்தமா?" என்று தெலுங்கும் தமிழுமாக என்னைக் கேட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பேச்சு வந்தது. இன்று கடைக்காரரோடு சண்டை போடும் அளவுக்குப் பேசுகிறார். இடது கையால் தட்டித் தட்டி நாவலையும் முடித்துவிட்டார். அவள் பத்திரமாக இறங்கி வீடு போய்ச் சேர்ந்தாள். அதைப் படித்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகுதான் அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

"எந்த பாஷைல பேசினா?"

"தமிழ்லதான். நம்ம நகரிப் பக்கத்துப் பேச்சு. உங்க புத்தகத்துல இங்கிலீஷ்தானே பேசறா?"

"எங்கிட்ட எப்பவும் அப்படித்தான் பேசுவா. இங்கிலீஷ் நான் போடறது."

இப்போது அடுத்த நாவலை ஆரம்பித்திருக்கிறார். மதியத்தில் அவர் எழுதும் அறையிலிருந்து அவர் குரல் கேட்கும். பேசுவார், நிறுத்துவார், "ம்" கொட்டுவார், மறுபடி பேசுவார். காபியை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.