கார்டு கேட்ட ஃபிட்டர்

நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு, எண்ணூரில் ஒரு தொழிற்சாலை வாசலில் தினக்கூலிக்காகக் காலையில் போய் நிற்பேன். அங்கேதான் அந்த ஃபிட்டரைப் பார்த்தேன். நெட்டையான மனிதர், சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருப்பார். ஆள் எடுக்கும் மேஸ்திரி கைகாட்டியதும் நாங்கள் ஓடுவோம். அவர் மட்டும் நின்ற இடத்திலிருந்தே, "இ.எஸ்.ஐ. கார்டு குடுப்பியா?" என்று தொழிலாளர் காப்பீட்டு அட்டையைக் கேட்பார். இல்லையென்றால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். மறுநாளும் வருவார்.

"வூட்ல அடுப்பு எரிய வாணாவாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வூட்டுக்காரி காசிமேட்ல மீன் விக்குது, அத்துல ஓடுது. நாளைக்கு மெஷின்ல கை போச்சுன்னா, நான் உள்ள வேலை செஞ்சேன்னு எவன்பா சொல்லுவான்?"

ஆனாலும் மேஸ்திரி கூப்பிட்டதும் ஓடினேன்.

ஒருநாள் மேஸ்திரியே, "கார்டு தர்றேன், வாய்யா" என்றார்.

"மொதல்ல காட்டு, அப்பால வர்றேன்" என்றார் இவர்.

மேஸ்திரி சிரித்துவிட்டு எங்களை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். அதன்பிறகு ஃபிட்டர் அந்த வாசலுக்கு வரவேயில்லை.

வேறு எந்த வாசலிலாவது அவருக்குக் கார்டு கிடைத்ததா, தெரியவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.