இசக்கியம்மையிடம் பான் கார்டு கேட்டார்கள்

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நான்கு. நாத்தனார் கண்ணை மூடியபோது அவள் பிள்ளைகள் மூன்றையும் இடுப்பில் தூக்கி வந்தேன். ஆக, வளர்த்தது ஏழு. எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். அதனால் பைய எழுதுகிறேன்; எழுதினதைப் பேத்தி செல்விதான் வாசித்துக் காட்டுவாள். நீங்களும் பைய வாசியுங்கள்.

போன வருஷம் ஆவணியில் எனக்கு வந்த சங்கடம் போல என் ஆயுசில் வந்ததில்லை. பசியைப் பார்த்திருக்கிறேன், வெள்ளத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் நம்பருக்காக உட்கார்ந்து அழுதது அப்போதுதான்.

முக்கூடலில் நான் வத்தல் போட்டு விற்கிறவள். சுண்டவத்தல், மிதுக்குவத்தல், கூழ்வத்தல். என் வீட்டுக்காரர் இறந்துபோன வருஷம் நான் தொடங்கின தொழில். முதல் கூடையைத் தலையில் தூக்கும்போதே ஆற்றங்கரை இசக்கியம்மையிடம் சொன்னேன்: "இதுல பாதி உனக்கு, பாதி எனக்கு. நீ கூட வா." அன்றிலிருந்து அவள் பங்கை நான் தொட்டதில்லை. விளக்குக்கு எண்ணெய், கோயில் கொடைக்குச் சோறு, பட்டு, எல்லாம் அதிலிருந்துதான்.

சிங்கப்பூரில் கடை வைத்திருக்கிற நம் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் ஊருக்கு வந்தபோது என் வத்தலைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஆச்சி, நீங்க போடுதது பூராவும் எனக்கு அனுப்புங்க" என்றார். கோடை முழுக்க நானும் தெருப்பெண்கள் நாலு பேரும் மொட்டைமாடித் தட்டட்டியில் வெயிலோடு வெயிலாகக் காய்ந்தோம். சரக்கு தயார். உணவு லைசென்ஸ் முன்னமே உண்டு. ஆனால் கடல் தாண்டி அனுப்ப ஏற்றுமதி நம்பர் என்று ஒன்று வேண்டுமாம். சுங்கத்தில் அதைக் கேட்பார்களாம். அது இல்லாமல் ஒரு பொட்டலம்கூட நகராது.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற பெண்ணிடம் போனேன். நல்ல பிள்ளைதான், ஆனால் கை ஓடுகிற வேகத்துக்குக் காது ஓடாது.

"தொழில்ல கூட்டாளி யாரும் உண்டா பாட்டி?"

"உண்டு. சரிபாதி."

"பேரு?"

"இசக்கியம்மாள்."

அப்படியே கம்ப்யூட்டரில் தட்டிவிட்டாள். நம் ஊரில் தெருவுக்கு நாலு இசக்கியம்மாள் இருக்கிறார்களே, அவளைக் குறை சொல்லி என்ன? நானும் பொய் சொல்லவில்லை. கேட்டாள், சொன்னேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது அலைச்சல். கூட்டுத் தொழில் என்றால் ஒப்பந்தப் பத்திரம் வேண்டுமாம். கூட்டாளியின் பான் கார்டு வேண்டுமாம். நான் போகிறதும் வருகிறதுமாக இருந்தேன். ஒரு நாள் கரண்டு இல்லை. ஒரு நாள் சர்வர் இல்லை. ஒரு நாள் அந்தப் பெண்ணே இல்லை. கடைசியில் அவளுக்கும் சடைவு வந்துவிட்டது.

"பாட்டி, அந்த இசக்கியம்மாளை ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன். எத்தனை தடவை சொல்லுதது?"

"அவ எங்கனட்டி வருவா? கோயிலை விட்டு அசையமாட்டாளே."

"பூசாரி வீட்டம்மாவா?"

"பூசாரிக்குச் சோறு போடுதவ."

அந்தப் பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "சாமியையா பாட்டி கூட்டாளின்னு சொன்னீங்க?"

"பின்னே? அம்மைக்கு ஏதுட்டி பான் கார்டு?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, தனி ஆள் தொழில் என்று மறுபடி பதிவோம் என்றாள். நான் ஒருத்தி மட்டுமே முதலாளி என்று கையெழுத்துப் போட வேண்டும். எனக்குக் கை வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

என் மூத்த மகன் திருநெல்வேலியில் ஒரு ஆடிட்டரிடம் கூட்டிப்போனான். அவர் சிரித்தார். "மனசுல வச்சுக்கிடுங்க ஆச்சி. எழுத்துல எதுக்கு?" மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு கையால் இல்லை என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை என்று சொன்னேன். வரும் வழியில் பஸ்ஸில் மகன் கத்தினான்.

"எம்மா, ஒத்தக் கையெழுத்து! அதுக்குப் போயி இந்தப் பாடு படுத்துதியே!"

"நீ பேசாம வாலே. வாக்குக் கொடுத்தது நீயா நானா?"

புரட்டாசி பாதி போய்விட்டது. ஐப்பசி மழை பிடித்தால் ஈரக்காற்றில் வத்தல் நமத்துப் போகும். நமத்தால் குப்பைக்குத்தான். சிங்கப்பூர் அண்ணாச்சி போனில், "மழைக்கு முன்னால வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிடுதேன், தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். நாலு பெண்களும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் எங்கே பார்ப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வேளையில் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனேன்.

"ஏட்டி இசக்கி, நீ இருக்கியா இல்லியா? பாதிப் பங்கு வாங்கத் தெரியுதுல்லா, பாதி அலைச்சலுக்கு வரமாட்டியோ? நான் மட்டும் பஸ் பஸ்ஸா ஏறி எறங்கணுமோ? இன்னைக்கு எனக்குப் பதில் சொல்லு!"

இரண்டு பொட்டலமாகப் பூக்கட்டிப் பார்த்தேன். செவ்வரளி வந்தால் அவள் பெயரை விடக்கூடாது, சரக்கு போனாலும் போகட்டும். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் நான் மட்டும் கையெழுத்துப் போடலாம். மொட்டையெடுக்க வந்த குடும்பத்தில் ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை.

சந்தோஷப்பட வேண்டும்தானே? எனக்கோ பங்கே வேண்டாம் என்று என்னைத் தள்ளிவிட்டாள் என்றுதான் தோன்றியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பாத்திரம் கழுவ வந்த பூசாரி மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போங்க பெரியம்மை" என்றாள். "எங்க மாமியா பேர்ல பட்டாவும் கிடையாது, சிட்டாவும் கிடையாது. ஆனா அவ கை காட்டுத வயல்லதான் நாத்து விழும். எழுத்துல இருந்தாத்தான் பங்கா?"

எனக்குப் பதில் அதுதான். பூவைக் காட்டினது அம்மை. அதற்கு அர்த்தம் சொல்ல ஆளையும் அனுப்பினது அவளே. இதை நான் சத்தியமாக நம்புகிறேன்.

அங்கிருந்து நேரே கம்ப்யூட்டர் சென்டர். "போடு, நான் ஒருத்திதான்" என்றேன். பான் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம், எல்லாம் என் பெயரில் இருந்ததால் தடங்கலே இல்லை. மறுநாளே நம்பர் வந்துவிட்டது. ஆசையோடு வாங்கிப் பார்த்தால், அது என் பான் கார்டில் இருக்கிற அதே நம்பர்!

"என்னட்டி இது, பழசையே திருப்பித் தாரே?"

"இப்ப எல்லாருக்கும் அப்படித்தான் பாட்டி. பான் நம்பர்தான் ஏற்றுமதி நம்பரும்."

இடுப்பில் சொருகி வைத்திருந்த நம்பருக்காகவா இரண்டு மாதம் அலைந்தேன்! எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எரிச்சலோடேயே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

சரக்கு போய்ச் சேர்ந்தது. அது போன பிறகுதான் மழை இறங்கியது. ஒரு வத்தல்கூட நமத்துப்போகவில்லை. இந்தக் கோடைக்கும் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். முதலாளி யார் என்று எந்த ஆபீஸில் கேட்டாலும் இப்போது கூசாமல் என் பெயரைச் சொல்கிறேன். அம்மையின் பாதி அவளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்க ஒரு ஆபீஸுக்கும் வாய் கிடையாது.

அம்மையை நம்புகிற தாய்மாரே, நீங்களும் போய்க் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபமாகவே கேளுங்கள், அவள் தாங்குவாள். பதில் பிடிக்காவிட்டால் உடனே எழுந்து வந்துவிடாதீர்கள். கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். மீதிப் பதில் பின்னால் வரும்.

செல்வி, ஏட்டி, அந்தப் போனைக் கீழே வையி. நான் எழுதினதை முதல்ல இருந்து வாசி, கேப்போம். அம்மையைத் திட்டுன இடத்தை முழுங்கிராதே. அதைத்தான் சத்தமா வாசிக்கணும்.