நட்ட முடியைத் தீர்த்தமலையில் இறக்கிய கதை

நடந்த எல்லாவற்றையும் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அக்கா மகன் சரவணன் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் முன்மண்டையில் முடி நட்டுக்கொண்டான். அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன், தலை சரியாகும், பயம் சரியாகாது என்று. நான் எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் மனசைப் பற்றிப் பெரிய டாக்டர்களே என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படியேதான் ஆனது. முன்பு முடி இல்லையே என்று பயம். முளைத்த பிறகு, நட்டது என்று தெரிந்துவிடுமே என்று பயம். காற்றடித்தால் பைக் எடுக்கமாட்டான். தலையணையில் விழுந்த முடியை எண்ணுவான். அரூரில் நிச்சயம் பண்ணிய கவிதாவை நாலு மாதமாக நேரில் பார்க்கவில்லை, வீடியோவிலும் பேசவில்லை. தை மாதம் கல்யாணம். கார்த்திகையில் வந்து, "வேண்டாம்னு சொல்லிடுங்க மாமா" என்றான்.

அடுத்த ஞாயிறு காலை 6.10க்குத் தருமபுரியில் அரூர் பஸ் ஏறினோம். ஆளுக்கு 38 ரூபாய். மொரப்பூர் தாண்டியதும் விஷயத்தை அவிழ்த்தேன்.

"மாப்ள, உனக்கு முடி முளைச்சா தீர்த்தமலையில மொட்டைன்னு வேண்டியிருக்கறன்."

"எண்பதாயிரம் குடுத்து நட்டன் மாமா. அதை எடுக்கறதுக்கா வேண்டுனீங்க?"

"பின்ன எதைக் குடுக்கறது, கால் நகத்தையா? உன் மொத மொட்டையே என் மடியிலதான்டா."

இறங்கப் போனான். பஸ் நிற்கவில்லை. முடி நட்ட டாக்டருக்குப் போன் போட்டான். வேர் உள்ளே இருக்கிறது, திரும்ப முளைக்கும், தாராளமாகப் போடலாம் என்றார் அவர். இதையும் நான் சொல்லியிருந்தேன்.

7.30க்கு அரூர். அங்கிருந்து தீர்த்தமலை 16 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் 12 ரூபாய். அடிவாரத்தில் மொட்டை போடுகிறவர் தலையை நனைத்துவிட்டுப் பின்மண்டையைத் தடவினார். சரவணன் கல்லாகிவிட்டான்.

"பின்னால எடுத்து முன்னால நட்டதுங்களா? புள்ளி புள்ளியாத் தெரியுது."

அவர் கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

"இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளுங்க. நல்லாப் புடிச்சிருக்குது. குனிங்க."

அவ்வளவுதான். ஒன்றரை வருடம் பூட்டி வைத்த ரகசியம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. சரவணன் குனிந்தபடியே சிரித்தான், தோள் குலுங்கியது. கத்தி வெட்டிவிடப் போகிறதே என்று நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

மலை ஏற மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நான் இருபத்தைந்து நிமிடத்தில் ஏறினேன், குரங்குகள் ஒதுங்கி வழிவிட்டன. மேலே பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் மொட்டைத் தலையை நேராகக் கொடுத்து நின்றான். வேர் போய்விடும் என்று வீட்டில் சொம்புத் தண்ணீரை அளந்து ஊற்றிய பையன். துவட்டாமலே கவிதாவுக்கு வீடியோ போட்டான்.

"ஏனுங்க, என்ன கோலம் இது?"

"கவிதா, எனக்கு முன்னால வழுக்கை. இருந்ததெல்லாம் நட்டது."

அவள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"இதுக்கா நாலு மாசம் ஒளிஞ்சீங்க? வேற யாரோ இருக்கறாங்கன்னு நான் தெனம் அழுதுட்டிருக்கறன். எங்கப்பாவுக்கும் வழுக்கைதானுங்க. எங்க, திருப்பிக் காட்டுங்க. மண்டை நல்லா உருண்டையாத்தான் இருக்குது."

திரும்பும்போது அரூரில் அவள் வீட்டுக்கே போனோம். முன்வாசல் வழியாக, தொப்பி இல்லாமல்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். கையில் பழம் வைத்திருந்தால் குரங்கு பிடுங்கும், என்னைத் தவிர எல்லாரிடமும். முடி நட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் கத்தி வைக்காதீர்கள். அதைவிட முக்கியம், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மலை ஏறுகிற வேலை மிச்சம்.

சரவணன் இதைப் படிப்பான், அதனால் சொல்லிவிடுகிறேன். மாப்ள, நான் எந்தச் சாமியிடமும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.