அத்தையின் தோளில் கரடி நகம்

நாமக்கல்லில் ஒரு கோயில் வாசலில் இன்று உதிர்ந்து கிடந்த இலுப்பைப் பூவின் புளித்த இனிப்பு வாசனை, கரண்ட் வராத காலத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த, இப்போது ஒரு மரமும் மிஞ்சாத எங்கள் இலுப்பைத் தோப்புக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. விடிகாலையில் பூப் பொறுக்கப் போன என் அத்தையைக் கரடி அடித்தது அங்கேதான். அவர் தோளில் இருந்த நகத் தழும்புகளைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை: கூடையால் அடித்து விரட்டினார் என்பார்கள், செத்தவர் போலக் கிடந்தார் என்பார்கள், மாமாதான் தீப்பந்தத்தோடு ஓடிக் காப்பாற்றினார் என்பார்கள். அத்தையிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. ஒருநாள் அவர் பூ உலர்த்திக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன்.

"ஏனுங்க அத்தை, கரடி நெசமா என்னதான் செஞ்சுதுங்க?"

பூவைக் கையால் பரப்பியபடியே சொன்னார்.

"குட்டியோட பூத் தின்னுட்டிருந்துச்சு சாமி. இருட்டுல தெரியாம நான் நடுவுல பூந்துட்டேன். ஒரு அடி போட்டுச்சு. குட்டி கத்தவும் அதுகிட்ட ஓடிருச்சு."

"அப்பறம் நீங்க தோப்புக்கே போகலீங்களா?"

"போகாம? காயம் ஆறுனதும் போனேன். அதுவும் வந்திருந்துச்சு. வடக்கால அது தின்னுச்சு, தெக்கால நான் பொறுக்குனேன்."