ஆசியா அக்கா அமுக்கிய 'வேண்டாம்'

ஷஃபீக் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தால் புக்கிட் தெங்காவில் மழை வரும் என்பார்கள் எங்கள் தொழிற்சாலையில். ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் பாலம் கடந்து வருவார், கணினிப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்காருவார், அதோடு சரி. எங்கே எந்தக் கணினி மக்கர் செய்தாலும் அதன் திரையைத் தன் திரைக்கு வரவழைத்துச் சரிசெய்துவிடுவார். தூரத்தில் யாருடைய மவுஸோ தானாக நகரும். அதுதான் அவருடைய நடை.

போன மாதம் எல்லா லினக்ஸ் கணினிகளையும் புதிய பதிப்புக்கு மாற்றினார். திரையில் ஜன்னல்களை வரைகிற வேலையை அதுவரை பார்த்தது எக்ஸ்11 என்ற மென்பொருள். தாராள மனசு அதற்கு. யார் எட்டிப்பார்த்தாலும் காட்டிவிடும். புதிய பதிப்பில் அந்த வேலை வேலண்ட் என்ற இன்னொரு மென்பொருளுக்குப் போனது. அது கறார். எதிரே உட்கார்ந்திருப்பவர் சம்மதித்தால்தான் வெளியாளுக்குத் திரையைக் காட்டும். அண்ணன் இதைக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பேக்கிங் பிரிவு மேற்பார்வையாளர் குகன் அழைத்தார். லேபிள்கள் பாதி வெட்டுப்பட்டு வருகின்றன. லாரி தொழுகைக்கு முன் கிளம்பியாக வேண்டும்.

"ரெண்டு நிமிஷம்லா" என்றார் அண்ணன்.

லேபிள் கணினியில் இருப்பவர் ஆசியா பீவி அக்கா. அண்ணன் திரையைக் கேட்டார். மறுக்கப்பட்டது. மறுபடி கேட்டார். மறுபடியும் மறுப்பு.

"யாருலா அங்க அமுக்குறது?"

பேக்கிங் பிரிவுக்குள் கைப்பேசி கூடாது. குகனும் தன் அறைத் தொலைபேசியை எடுக்கவில்லை. வெளியே லாரி ஹாரன் அடித்தது. அண்ணன் எழுந்தார். அந்தக் காட்சியை விட மனமில்லாமல் நானும் பின்னால் போனேன்.

அக்காவின் முகத்தில் அத்தனை பெருமை.

"வாங்க தம்பி. எவனோ என் ஸ்கிரீன பாக்கணும்னு ஸ்கிரீன்ல பெட்டி பெட்டியா கேள்வி அனுப்பிக்கிட்டே இருக்கான். பேரு கூட போடல. நான் விடுவேனா? நீங்கதானே கம்ப்யூட்டர் பாதுகாப்பு கிளாஸ்ல சொன்னீங்க, தெரியாத பெட்டி வந்தா 'வேண்டாம்' அமுக்கணும்னு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அந்த 'எவனோ' தான்தான் என்பதை விட்டுவிட்டு, அண்ணன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். பதிப்பு மாறியதில் தாளின் அளவும் மாறியிருந்தது; நின்றபடியே திருத்தினார். லேபிள் முழுசாக வந்தது. லாரி கிளம்பியது.

"அவன் திரும்பக் கேட்டா என்ன தம்பி செய்ய?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"விடாதீங்கக்கா."

இப்போதெல்லாம் பேக்கிங்கில் கோளாறு என்றால் அவர் நடந்துதான் போகிறார். "தம்பி கொஞ்சம் எளைச்சிட்டாரு, வீட்டுல ஒழுங்கா சோறு போடுறாங்களான்னு தெரியல" என்று ஆசியா அக்கா கவலைப்படுகிறார்.